மொட்டைமாடியில் எட்டு விளக்கு

ஜனவரி பிறந்ததும் ஆபீஸில் என்னிடம் வருகிற முதல் கேள்வி: "அக்கா, இந்த சனிக்கிழமை வந்தா ஆமை பாக்கலாமா?"

சென்னைக் கடற்கரையில் முட்டையிட ஏறிவருகிற கடலாமைகளைத் தேடி இரவில் நடக்கிறவர்களில் நானும் ஒருத்தி. ஆனாலும் தெரியாது என்றுதான் சொல்வேன். முதல் சீசனில் நான் போன நான்கு இரவுகளில் மூன்றில் ஆமை இல்லை, தடம்கூட இல்லை. நீலாங்கரையில் தொடங்கி ஈரமணலில் ஏழு கிலோமீட்டர் நடந்து, விடியற்காலை பெசன்ட் நகரில் டீ குடித்துவிட்டுப் பிரிந்தோம். காலில் முள் தைத்ததும், பாலவாக்கம் தாண்டியதும் பேச்சு தானாக அடங்கிப்போனதும்தான் அந்த மூன்று இரவுகளில் எனக்குக் கிடைத்தவை. நான்காவது இரவுக்கு நான் மறுபடி போனதற்குக் காரணமும் அந்த அமைதிதான்.

நான் விருத்தாசலத்துக்காரி. கடலை முதன்முதலில் பார்த்தது பள்ளிச் சுற்றுலாவில், கடலூர் தேவனாம்பட்டினத்தில். இப்போது பெருங்குடியில் வேலை. வாரத்தில் மூன்று நாள் நைட் ஷிஃப்ட். கொட்டிவாக்கத்தில் இரண்டு தோழிகளோடு வாடகை ஃபிளாட். ராத்திரி முழித்திருப்பது எனக்குச் சிரமமே இல்லை. இது என் ஐந்தாவது சீசன்.

இந்த நடை எங்களுக்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது. 1970களின் தொடக்கத்தில் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரும் அவர் நண்பர்களும் மெட்ராஸ் கடற்கரையில் ஆமை முட்டைகளைத் தேடி நடந்திருக்கிறார்கள். 1988இலிருந்து எஸ்.எஸ்.டி.சி.என். என்கிற மாணவர் அமைப்பு அதைக் கையில் எடுத்து, சீசன் முழுக்க இரவு தவறாமல் நடக்கிறது. வார இறுதியில் பொதுமக்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். நாம் இன்ஸ்டாகிராமில் பார்ப்பது சனிக்கிழமைக் கூட்டத்தை. செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்கு மூன்றே பேர் நடந்துகொண்டிருப்பார்கள், மறுநாள் காலேஜையோ ஆபீஸையோ வைத்துக்கொண்டு. எனக்கு அவர்கள்மேல் இருக்கிற மரியாதை கொஞ்சநஞ்சம் இல்லை.

வருவது பங்குனி ஆமை. பெயர்தான் பங்குனி, நம் கரைக்குத் தை மாதத்திலேயே முட்டையிட ஏறத் தொடங்கிவிடும். நாற்பது கிலோவை ஒட்டிய உடம்பைத் துடுப்புக் கைகளால் இழுத்துக்கொண்டு மேலேறுவதால், மணலில் சின்ன டிராக்டர் டயர் போன மாதிரி தடம் விழும். ஏறிய தடம் ஒன்று, இறங்கிய தடம் ஒன்று. இரண்டும் சேருகிற இடத்தில் மணல் கலைந்து கிடக்கும். அங்கே பழகிய ஆள் ஒருவர் மெல்லிய குச்சியை அழுத்திப் பார்ப்பார். கெட்டி மணலில் குச்சி நிற்கும். குழிக்கு மேல் வந்தால் மெத்தென்று உள்ளே போகும். அதன்பிறகு குச்சிக்கு வேலை இல்லை, கையால்தான் தோண்டுவார்கள்.

குழி குடம் மாதிரி இருக்கும். கழுத்து குறுகல், வயிறு அகலம், ஒன்றரை அடி ஆழம். முட்டைகள் பிங்பாங் பந்து அளவில், தொட்டால் அமுங்கும். நான் முதன்முதலில் எண்ணிய குழியில் 118 இருந்தன. அவற்றைத் துணிப்பையில் உருளாமல் எடுத்துப் போய், வேலியிட்டுக் காக்கிற பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் அதே குடம் வடிவக் குழி எடுத்து வைக்கவேண்டும். தேதி, எண்ணிக்கை எழுதிய சீட்டு ஒன்று நடுவார்கள். 45 நாளிலிருந்து 60 நாளுக்குள் பொரியும். பிறப்பது ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு முடிவு செய்கிறது. 29 டிகிரியை ஒட்டி அந்த எல்லை, அதற்கு மேல் போனால் பெண் அதிகம். இதெல்லாம் வனத்துறை அனுமதியோடு நடக்கிற வேலை. பங்குனி ஆமை 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது உச்சப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. தடத்தைப் பார்த்தோம் என்று நாமே தோண்டிவிடக் கூடாது.

போன வருஷம் எங்கள் கம்பெனியில் அறுபது பேரோடு 'ஆமை இரவு' நடத்தலாம் என்று பேச்சு வந்தது. முதுகில் லோகோ போட்ட வெள்ளை டி-ஷர்ட், கூடவே போட்டோகிராஃபர். நான் முடியாது என்றேன். ஏறிவருகிற ஆமை வெள்ளைத் துணியையும் ஃபிளாஷையும் நடமாட்டத்தையும் கண்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும். கடைசியில் பதினோரு பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். கறுப்போ கருநீலமோ உடுத்தி, செருப்பைக் கையில் பிடித்து, போனைப் பைக்குள் போட்டு. அன்றைக்கு ஆமை வந்தது. கால் மணி நேரம் நாங்கள் மூச்சுவிடாத குறையாக மணலில் உட்கார்ந்திருந்தோம். முட்டையிட்டு முடித்ததும் அது உடம்பை இடமும் வலமும் சாய்த்துச் சாய்த்து மண்ணைத் தட்டி இறுக்கியது. அந்தச் சத்தம் காதுக்கு மட்டுமில்லை, உட்கார்ந்திருக்கிற இடத்தில் உடம்புக்கும் தெரியும். எங்கள் மேனேஜரும், வேலையில் சேர்ந்து மூன்று மாதமே ஆன புதுக்கோட்டைத் தம்பியும் அதற்கப்புறம் பெசன்ட் நகர் வரை அருகருகே நடந்து வந்தார்கள். மீட்டிங்கில் அந்தத் தம்பி வாய் திறந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அவன்தான் பேசினான், அவர் கேட்டுக்கொண்டு வந்தார்.

ஆனால் இதை எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றைச் சொல்ல.

2024 மார்ச் கடைசி வாரம். ஷிஃப்ட் முடிந்து விடியற்காலை ஐந்தே காலுக்கு கேப் என்னைத் தெருமுனையில் இறக்கிவிட்டது. எங்கள் வாட்ச்மேன் அண்ணன் கேட்டுக்கு வெளியே குனிந்து நின்றார். "பாப்பா, இங்க வாயேன். நண்டா என்னான்னு தெரியல, தெரு பூரா ஓடுது."

குஞ்சுகள். உள்ளங்கையில் பாதிகூட வராத கரும்புள்ளிகள், கேட் விளக்குக்குக் கீழே சுற்றிச் சுற்றி வந்தன. யார் கண்ணிலும் படாமல் தப்பிய ஒரு குழி அன்றிரவு பொரிந்திருக்கிறது. பால் வண்டி அதற்குள் ஒரு தடவை போய்விட்டிருந்தது. நானும் அண்ணனும் உயிரோடு பொறுக்கியவை 31. மற்றதை நான் பாதியிலேயே எண்ணாமல் விட்டுவிட்டேன். வாளியில் ஈரமணலைப் போட்டு அவற்றை வைத்து, துணியால் மூடி, தன்னார்வலர்களுக்கு போன் செய்தேன். பொழுது விடியுமுன் வந்துவிட்டார்கள். அலைக்குச் சில அடி தள்ளி இறக்கிவிட்டு, மீதித் தூரத்தை அவையே ஊர்ந்து போகவிட்டோம்.

மணலுக்குள்ளிருந்து வெளிவருகிற குஞ்சுக்குத் திசை தெரிவது வெளிச்சத்தால். இருட்டுக் கரையில் அடிவானத்தை ஒட்டி வெளிச்சமான பக்கம் கடல்தான். நட்சத்திர ஒளி நீரில் பட்டுத் தெரியும். அந்தப் பக்கம் ஓடும். கரைப்பக்கம் அதைவிடப் பிரகாசமாக ஒன்று எரிந்தால் இந்தப் பக்கம் ஓடிவரும்.

நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் மொட்டைமாடியில் கடலைப் பார்த்து எட்டு எல்.இ.டி. விளக்கு, வெள்ளை வெளேரென்று. மூன்று சீசனாக அந்த விளக்குகளுக்குக் கீழேதான் தூங்கி எழுந்தேன். கடற்கரையில் போய், டார்ச் அடிக்காதீர்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். ஒரு நாள்கூட மேலே பார்க்கத் தோன்றவில்லை. அது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

ஏப்ரலில் அசோசியேஷன் மீட்டிங்கில் விஷயத்தைச் சொன்னேன். செக்ரட்டரி அங்கிள் நல்ல மனிதர். ஆனால் அவருக்கு பயம். "நாலு வருஷம் முன்னாடி மாடில இருந்து ஏசி காப்பர் பைப்பை அறுத்துட்டுப் போனாம்மா. லைட்டை அணைச்சு ஏதாவது ஆச்சுன்னா யாரு பொறுப்பு?" அவர் கேட்டது நியாயம். நோட்டீஸ் கொடுத்தேன், சட்டம் சொன்னேன், எடுபடவில்லை. எடுபட்டது ஒரு போட்டோ. இரவு பதினொன்றுக்கு அலை வந்து திரும்புகிற இடத்தில், போனைக் குஞ்சின் கண்மட்டத்துக்கு மணலிலேயே வைத்து கரையைப் பார்த்து எடுத்தேன். ஏ4 தாளில் பிரிண்ட் போட்டு அவர் கையில் கொடுத்தேன். படம் முழுக்க இருட்டு. நடுவில் எங்கள் கட்டடம் மட்டும் தீப்பிடித்த மாதிரி. அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். மறுநாள் ராத்திரி அவரே என்னோடு கடற்கரைக்கு வந்தார்.

முடிவானது இதுதான். ஜனவரியிலிருந்து மே கடைசி வரை மாடி விளக்கு எட்டும் இரவில் எரியாது. மாடிப்படி விளக்கு எரியும், கதவுக்குப் புதுப் பூட்டு. கேட் விளக்குக்கு மஞ்சள் பல்பு, மேலே தகரமூடி, வெளிச்சம் தரையை மட்டும் பார்க்கும்படி. எலக்ட்ரீஷியனுக்கு ஒரு நாள் வேலை.

போன வருஷம் நடைக்கு வந்த பதினோரு பேரில் ஏழு பேர் இந்த வேலைக்கும் வந்தார்கள். ஞாயிறு காலை பத்து மணிக்கு இரண்டிரண்டு பேராகப் பிரிந்து, கடலை ஒட்டிய இரண்டு தெருவில் பதினான்கு கட்டடம் ஏறி இறங்கினோம். ஒவ்வொரு கட்டடத்துக்கும் அதனதன் போட்டோ. ஒன்பது பேர் ஒத்துக்கொண்டார்கள். மதியம் எல்லாரும் எங்கள் ஃபிளாட்டில் எலுமிச்சை சாதம் சாப்பிட்டோம். சென்னைக்கு வந்து ஆறு வருஷத்தில் ஆபீஸ் ஆட்கள் என் வீட்டுத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டது அதுதான் முதல் தடவை.

2025 ஜனவரியைப் பற்றியும் சொல்லாமல் விடக் கூடாது. அந்த மாதம் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. நடையில் முட்டையைத் தேடுவதைவிட உடல்களைக் கணக்கெடுப்பதே வேலையாகிப்போனது. ஆமைக்கு மூச்சுவிட மேலே வந்தாகவேண்டும். விசைப்படகின் இழுவலையில் சிக்கி மணிக்கணக்கில் இழுபட்டால் நீருக்கடியிலேயே மூச்சுமுட்டிச் சாகும். கரையிலிருந்து ஐந்து கடல்மைலுக்குள் இழுவலை போடக் கூடாது என்பது நம் மாநிலத்தில் சட்டம். வலையிலிருந்து ஆமை தப்பிக்க வழிவிடும் சாதனமும் இருக்கிறது. குப்பத்து ஃபைபர் போட்டுக்காரர்களை இதில் இழுக்காதீர்கள். ஆமையை விடுவிக்கத் தான் அறுத்த வலையை எனக்கு விரித்துக் காட்டிய அண்ணன் அங்கே இருக்கிறார். இழுவலை விவகாரம் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளுக்குள் அடங்குகிற வேலை இல்லை. அதற்கு அரசும் துறைமுகமும் அசையவேண்டும், நாம் விடாமல் கேட்கவேண்டும். விளக்கு நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

அதனால் இந்த வருஷம் கேட்கிறவர்களுக்கெல்லாம் நான் சொல்வது: நடைக்கு வாருங்கள், ஆமை வந்தாலும் வராவிட்டாலும். அதற்கு முன்னால் ஒரு இரவு உங்கள் வீட்டு மாடியைக் கடலோரம் நின்று பாருங்கள். ஈ.சி.ஆர். பக்கம் குடியிருப்பவர்களுக்கு இதைக் கட்டாயமாகவே சொல்கிறேன்.

எங்கள் பட்டியலில் இன்னும் ஐந்து கட்டடம் பாக்கி. அதில் மூலை வீட்டில் நீல ஃபிளட் லைட் ஒன்று இரவு முழுக்க எரிகிறது. வீட்டுக்காரர் வெளிநாட்டில். பொறுப்பில் இருக்கும் பையன் கொல்கத்தாப் பக்கம். என் அரைகுறை இந்தி அவனுக்குப் பிடிபடவில்லை, போட்டோவைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்திவிட்டான். உங்களில் பெங்காலி பேசத் தெரிந்தவர் யாராவது இருந்தால், இந்த ஞாயிறு பத்து மணிக்கு எங்களோடு வாருங்கள். சாப்பாடு எங்கள் வீட்டில்.