செவலையும் நீல நிறப் பேரலும்

காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் இடைப்பட்ட எங்கள் ஊரில், மழையை மட்டுமே நம்பியிருக்கும் நிலத்தைக் கொறங்காடாக விட்டு, சுற்றிலும் கிளுவை வேலி வளர்த்து, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும் நிற்கும்படி வைத்திருப்பார்கள். மேச்சேரி இனத்தைச் சேர்ந்த எங்கள் செம்மறி ஆடுகள் அப்படியொரு காட்டில்தான் மேய்கின்றன. 25 பெட்டைகளுக்கு ஒரு கிடா போதும் என்பதால், எங்கள் பட்டியில் இருப்பது செவலை ஒன்றுதான். மேச்சேரியில் கிடாவுக்கும் கொம்பு முளைப்பதில்லை. ஆனால், கொம்பில்லை என்பதைச் செவலை ஒருபோதும் பொருட்படுத்தியதில்லை.

அதன் முதல் எதிரி, தண்ணீர் பிடித்து வைக்கும் நீல நிறப் பிளாஸ்டிக் பேரல். காலையில் படலைத் திறந்ததும் மற்ற ஆடுகள் புல்லைத் தேடிப் போக, செவலை மட்டும் நேராகப் பேரலிடம் வந்து, அது காலியா நிறைந்திருக்கிறதா என்று மூக்கால் தொட்டுப் பார்க்கும். நிறைந்திருந்தால் பேசாமல் போய்விடும். காலியாக இருந்தால் ஏழெட்டு அடி பின்வாங்கி, தலையைத் தாழ்த்தி, ஓடி வந்து ஒரே முட்டு. பேரல் உருண்டால் கூடவே நடந்து போய், அது நிற்கும்வரை காத்திருந்து, மறுபடியும் பின்வாங்கும். வேலியில் போய்ப் பேரல் சிக்கிக்கொண்டால், வென்றுவிட்ட நிமிர்வோடு திரும்பிப் பெட்டைகளைப் பார்க்கும். அவையோ தலையைக்கூடத் தூக்குவதில்லை. பட்டியில் இன்னொரு கிடா இருந்தால், யார் பெரியவன் என்பதை இரண்டும் முட்டித்தான் முடிவு செய்யும். இணை இல்லாத செவலைக்குப் பேரலே அந்த இன்னொரு கிடா என்று நான் நினைக்கிறேன்.

குழந்தைகளுக்கு அதைவிடப் பிடித்தது செவலையின் "சிரிப்பு". பெட்டை சிறுநீர் கழித்த இடத்தை மோந்துவிட்டு, கழுத்தை நீட்டி, மேலுதட்டைச் சுருட்டி, வானத்தைப் பார்த்தபடி அசையாமல் நிற்கும். பெட்டை பருவத்தில் இருக்கிறதா என்பதை அறிய, மேலண்ணத்தில் உள்ள தனி நுகர்வு உறுப்புக்கு அந்த வாசனையைக் கொண்டு செல்லும் வழி இது. பெட்டைகளுக்கு ஏறக்குறைய 17 நாளுக்கு ஒருமுறை பருவம் திரும்புவதால், 25 பேரையும் விசாரித்து முடிப்பதற்குள் செவலைக்கு ஓய்வே கிடைப்பதில்லை.

ஊசி போட வருபவரைக் கண்டால் இந்த வீரமெல்லாம் போய்விடும். ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி போட்டுப் போனவர் அடுத்த முறை வெறுங்கையோடு வந்தபோதும், செவலை பெட்டைகளுக்கு நடுவில் புகுந்து தலையை மறைத்துக்கொண்டு, பின்புறம் முழுவதும் தெரிய நின்றது. செம்மறிகள் 50 ஆடுகளின் முகங்களை இரண்டாண்டுக்கும் மேல் நினைவில் வைத்திருந்ததாக, இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆய்வு 2001இல் வெளியானது. ஆட்டு மந்தை என்று ஏளனமாகப் பேசுபவர்களிடம் நான் தவறாமல் சொல்வது இதைத்தான்.

தாயை இழந்து புட்டிப்பாலில் வளர்ந்ததால் செவலைக்கு மனிதர்களிடம் அச்சம் குறைவு. வேடிக்கைகள் நடுவில் நாங்கள் கவனமாக இருப்பது இதனால்தான். வரும் குழந்தைகளெல்லாம் அதன் நெற்றியைத் தடவவே கை நீட்டுகிறார்கள். நெற்றியில் கை வைத்துத் தள்ளுவது கிடாவுக்குச் சண்டைக்கு அழைப்பதாகும். தாடைக்கு அடியில் சொறிந்துவிடுங்கள், நெற்றிக்குப் போகாதீர்கள் என்று அப்பாரு ஒவ்வொருவரிடமும் சொல்லுவார். அவரும்கூட அதற்கு முதுகைக் காட்டி நிற்பதில்லை.

செவலைக்குப் பிறந்த பெட்டைக்குட்டிகள் பருவத்துக்கு வரும் முன், உறவுக்குள் இனம் சேராதிருக்க, அதை அத்தை வீட்டுப் பட்டிக்குக் கொடுத்துவிட்டு அங்கிருக்கும் கிடாவை வாங்கிக்கொள்ளப் போகிறோம். வண்டியில் பேரலையும் சேர்த்தே ஏற்றிவிடும்படி அப்பாரு இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.