கொச்சிக்கடை அந்தோனியாரின் செவ்வாய்க்கிழமை

கொழும்பில் செவ்வாய்க்கிழமை என்றால் கொச்சிக்கடைதான். கொட்டாஞ்சேனைப் பக்கம் போகிற பஸ்ஸில் மெழுகுதிரிப் பொட்டலத்தோடு இருக்கிறவர்களைப் பாருங்கள், விபூதி பூசியவரும் இருப்பார், முக்காடு போட்ட அம்மாவும் இருப்பார், எல்லாரும் இறங்குவது புனித அந்தோனியார் கோயில் வாசலில்.

பக்கத்து வீட்டு அக்காவும் நானும் போயிருந்தோம். அக்கா சைவம். மகனின் வேலைக்காக நேர்த்தி. இங்கே கும்பிட்டுவிட்டு, அப்படியே பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலுக்கும் போய்த்தான் வீடு திரும்புவார்.

வாசலில் பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு பூசை நேரத்தில் குண்டு வெடித்த கோயில் இது. முகம் தெரியாதவனைக் கண்டால் பயப்பட இங்கே எல்லா நியாயமும் உண்டு. ஆனாலும் அந்த ஜூன் மாதமே, திருநாளுக்கு முதல் நாள், கதவைத் திறந்துவிட்டார்கள், எல்லாருக்கும்.

உள்ளே நவநாள் ஜெபம் தொடங்கியிருந்தது, உட்கார இடமில்லை. அக்கா தூணோரமாகத் தயங்கி நின்றதைப் பார்த்த ஒரு சிங்கள ஆச்சி, பேரனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, வாங்கைக் கையால் தட்டி, "வாடிவென்ன நங்கி", உட்காருங்கள் தங்கச்சி, என்றார். அக்காவின் நெற்றியில் திருநீறு பளிச்சென்று இருந்தது, ஆச்சி அதைப் பார்த்துக்கொண்டேதான் கூப்பிட்டார். பிறகு அக்கா சுரூபத்தின் முன் போய், மடித்த மன்றாட்டுச் சீட்டை நெஞ்சில் வைத்தபடி வெகுநேரம் நின்றார். பின்னால் நீண்ட வரிசை. யாரும் அவசரப்படுத்தவில்லை.

இந்தக் கோயிலின் தொடக்கமே ஒரு வெளியூர்க்காரர்தான். ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை. அப்போது வியாபாரி வேடத்தில் மறைந்து திரிந்த அந்தோனியோ சுவாமியை இங்குள்ள மீனவர்கள் காப்பாற்றினார்கள் என்றும், கரையை அரித்த கடல் அவர் சிலுவை நட்டு ஜெபித்ததும் பின்வாங்கியது என்றும் சொல்வார்கள். கோவாவிலிருந்து 1687இல் மாறுவேடத்தில் வந்த புனித யோசேப் வாஸ் கதையும் கிட்டத்தட்ட இதுதான். கண்டியில் முதலில் ஒற்றன் என்று சிறைவைக்கப்பட்டார், அப்புறம் அவரை நடமாட விட்டது ஒரு பௌத்த அரசன். நாங்கள் இன்று பூசை காண்கிறோம் என்றால், யாரோ எங்கள் ஆட்களுக்கு இடம் கொடுத்ததால்தான்.

"அன்னியனாக இருந்தேன், என்னை ஏற்றுக் கொண்டீர்கள்" என்று மத்தேயு நற்செய்தியில் ஆண்டவர் சொல்வதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நீர்கொழும்பு நினைவுக்கு வரும். தாக்குதலுக்குப் பிறகு அங்கே வாடகைக்கு இருந்த பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் அகதிகள் வீடுகளை விட்டு ஓடவேண்டி வந்தது. குண்டுக்கும் அவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, பலர் சொந்த நாட்டில் மதத்துக்காகத் துரத்தப்பட்டவர்கள். பிள்ளையை அடக்கம் செய்துவிட்டு வந்த தாயிடம் போய் 'அவர்களுக்குக் கதவைத் திற' என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஒன்றையும் இழக்காத எங்களைப் போன்றவர்கள் திறந்திருக்கலாம், திறந்திருக்கத்தான் வேண்டும்.

எங்கள் ஒழுங்கைக்கு அண்மையில் ஒரு மலையகக் குடும்பம் குடிவந்திருக்கிறது. இன்னும் யாரோடும் பழகவில்லை. வருகிற செவ்வாய் அவர்களையும் கூப்பிடுவோம் என்று ஓட்டோவில் வரும்போது அக்காதான் முதலில் சொன்னார்.