அதிக வாக்கு பெற்ற கோரிக்கைதான் முதலில் வரவேண்டுமா?

இணையத்தில் பல குழுக்களாகச் சிதறிக் கிடக்கும் பயனர்களிடமிருந்து ஒரு மென்பொருளுக்கான தேவைகளைத் திரட்டி வரிசைப்படுத்துவது சில ஆண்டுகளாக என் பொறுப்பில் இருக்கிறது. களத்தில் தகவல் சேகரிப்போர் கைப்பேசியிலேயே படிவங்களை நிரப்புவதற்கான மென்பொருள் அது. ஆய்வு மாணவர்கள், தொண்டு நிறுவனப் பணியாளர்கள், கணக்கர்கள் என ஒருவரையொருவர் அறியாதவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். நிரல் எழுதத் தெரிந்தவர்கள், நிரல்களைப் பகிர்ந்து விவாதிக்கும் தளமான கிட்ஹப்பில் விரிவாக எழுதுவார்கள். களப்பணியாளர்கள் டெலிகிராம் குழுவில் குரல் பதிவு போடுவார்கள். கணக்கர்களோ எதிலும் சேராமல், ஏதேனும் இயங்காமல் போனால் மட்டும் இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்புவார்கள். இவற்றுள் எதற்கு அதிகம் காது கொடுக்கிறோமோ, அந்தப் பக்கத்து ஆட்களுக்கான மென்பொருளாக அது மெல்ல மாறிவிடும் என்பதே இந்த வேலையின் முதன்மையான ஆபத்து.

கோரிக்கைகள் பெரும்பாலும் தீர்வின் வடிவத்தில்தான் வந்து சேரும். ‘எல்லாத் தரவையும் ஒரே சொடுக்கில் எக்செல் கோப்பாக எடுக்க வேண்டும்’ என்பது எல்லாக் குழுக்களிலிருந்தும் வந்த கோரிக்கை. வெவ்வேறு இடங்களில் பதிவானவற்றை ஒன்றாக இணைத்து, வாக்குகளைக் கூட்டி, பட்டியலின் உச்சியில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்றே எவருக்கும் தோன்றும். அவ்வாறு இணைப்பதற்கு முன் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ‘அந்தக் கோப்பைக் கையில் வாங்கியதும் அடுத்து என்ன செய்வீர்கள்?’ கணக்கர் ஒருவர், மேலாளருக்கு மாதந்தோறும் அனுப்ப வேண்டும் என்றும், அவருக்குத் தேவை கூட்டுத்தொகைகள் மட்டுமே என்றும் பதில் எழுதினார். களப்பணியாளர் ஒருவர், கைப்பேசி தொலைந்தால் தரவும் போய்விடுமே என்ற அச்சத்தில் கேட்டிருந்தார். ஆய்வு மாணவர் ஒருவருக்கோ, புள்ளியியல் மென்பொருளில் ஏற்றுவதற்கு விடைகள் குறியீடுகளாகவே வேண்டியிருந்தன. எக்செல் அவருக்கு ஒரு இடைத்தங்கல் மட்டுமே. முதலாமவருக்குத் தானாக அனுப்பப்படும் சுருக்க அறிக்கையும், இரண்டாமவருக்குக் காப்பு நகலும், மூன்றாமவருக்குச் சிதையாத சிஎஸ்வி கோப்பும் (காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட எளிய உரைக்கோப்பு) போதும். அவர்கள் கேட்ட பொத்தானை அப்படியே செய்து கொடுத்திருந்தால் மூவருக்கும் பாதி வேலைதான் நடந்திருக்கும். அதனால்தான் கோரிக்கையை இணைத்தாலும், அதைக் கேட்டவரின் பணிச்சூழலை விவரிக்கும் குறிப்பை இணைக்காமல் தனித்தனியே வைத்துக்கொள்கிறேன்.

வாக்குகள் பயனற்றவை என்று நான் சொல்லவில்லை. ‘எனக்கும் வேண்டும்’ என்ற ஒற்றை வரிப் பதில்களால் உரையாடல்கள் நிரம்பி வழிவதாகத் திறமூலத் (நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) திட்டப் பராமரிப்பாளர்கள் 2016 ஜனவரியில் கிட்ஹப்புக்குத் திறந்த மடல் எழுதினார்கள்; அதே ஆண்டு மார்ச்சில் கட்டைவிரல் போன்ற எதிர்வினைக் குறிகள் வந்தன. இரைச்சல் குறைந்தது, எண்ணிக்கையும் கிடைத்தது. ஆனால் அந்த எண்ணிக்கை, அங்கே வந்து குறியைத் தட்டியவர்களை மட்டுமே அளக்கிறது. இணையக் குழுக்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் படிப்பதோடு நின்றுவிடுவர், 9 விழுக்காட்டினர் எப்போதாவது பங்களிப்பர், மீதி 1 விழுக்காட்டினரே பெரும்பகுதியை எழுதுவர் என்று இணையதளப் பயன்பாட்டு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2006இல் எழுதியது தோராயக் கணக்குதான். எனினும் எங்கள் குழுக்களின் போக்கு அதற்கு முரணாக இருந்ததில்லை.

பெரிய குழுவின் விருப்பங்களோடு சிறிய குழுவின் விருப்பங்களைப் போட்டியிட வைத்தால் முடிவு முன்பே தெரிந்ததுதான். விக்கிப்பீடியாவையும் அதன் துணைத் திட்டங்களையும் பேணும் விக்கிமீடியா அறக்கட்டளை 2015 முதல் நடத்திவந்த சமூக விருப்பப்பட்டியல் வாக்கெடுப்பில், 2020ஆம் ஆண்டுக்குரிய சுற்றை விக்கிப்பீடியாவை விலக்கிவிட்டு, விக்கிமூலம், விக்சனரி போன்ற திட்டங்களுக்கென்றே ஒதுக்கினார்கள். அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. நாங்களும் ஒவ்வொரு வெளியீட்டிலும் ஒரு பகுதி உழைப்பை வாக்கு எண்ணிக்கை பார்க்காமல் சிறிய குழுக்களுக்கென ஒதுக்கிவிடுகிறோம். இதனால் முணுமுணுப்பு எழாமல் இல்லை.

இருண்ட பின்னணி வேண்டும் என்ற கோரிக்கைக்கு ஆதரவு குவிந்திருந்த அதே வேளையில், திரையில் இருப்பதை ஒலியாகப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் கொண்டு இயங்கும் ஒரே ஒருவர், சேமிக்கும் பொத்தானை அடையும்போது ‘பொத்தான்’ என்று மட்டுமே ஒலிக்கிறது, அது எதற்கானது என்று தெரியவில்லை என எழுதியிருந்தார். இவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது. 1984இல் ஜப்பானியத் தர மேலாண்மை அறிஞர் நொரியாக்கி கானோ முன்வைத்த முறை இங்கே கைகொடுக்கும்: ஒரு வசதி இருந்தால் எப்படி உணர்வீர்கள் என்பதோடு, அது இல்லாவிட்டால் எப்படி உணர்வீர்கள் என்றும் கேட்க வேண்டும். இருண்ட பின்னணி இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்வோம் என்றே பெரும்பாலோர் சொன்னார்கள். பொத்தானுக்குப் பெயர் இல்லாவிட்டால் அந்த ஒருவரால் படிவத்தைச் சேமிக்கவே இயலாது. இணைய உள்ளடக்க அணுகல்தன்மை வழிகாட்டுதல்களில் 4.1.2ஆம் விதி கோருவதும் இதையே. அது மிக அடிப்படையான ஏ நிலையைச் சேர்ந்த விதி. இத்தகையவற்றை நாங்கள் வாக்குப் பட்டியலுக்குள் கொண்டுவருவதே இல்லை. வழுக்களாக, அதாவது திருத்த வேண்டிய பிழைகளாகப் பதிந்து நேரே நிரலாளரிடம் கொடுத்துவிடுகிறோம்.

மறுப்பதுதான் கடினமான பகுதி. தேவைகளை முன்னுரிமைப்படி பிரிப்பதற்கு டை கிளெக் 1994இல் வகுத்த மாஸ்கோ (MoSCoW) முறையில் கட்டாயம், அவசியம், இயன்றால் என்ற மூன்று பிரிவுகளுக்கு அடுத்து, ‘இம்முறை இல்லை’ என்ற நான்காம் பிரிவும் உண்டு. கூட்டங்களில் முதல் பிரிவைப் பற்றி மணிக்கணக்கில் வாதாடுவோர் நான்காவதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பயனர்களோ அதைத்தான் முதலில் தேடுகிறார்கள். ஆகவே மறுத்த ஒவ்வொரு கோரிக்கைக்கும் எதிரே காரணத்தையும், எது மாறினால் மறுபரிசீலனை செய்வோம் என்பதையும் எழுதிவைக்கிறோம். ஒரே படிவத்தை இருவர் ஒரே நேரத்தில் திருத்தும் வசதி, தரவு மோதல்களைக் கையாள வழியில்லை என்ற குறிப்போடு நெடுநாள் அங்கே கிடந்தது; கைப்பேசிகளின் தரவை ஒன்றோடொன்று பொருத்தும் ஒத்திசைவுப் பகுதியை வேறொரு காரணத்துக்காகத் திருத்தி எழுதியபோது அந்தத் தடை நீங்கியது. யார் யார் எதற்காகக் கேட்டார்கள் என்பது பதிவில் இருந்ததால், புதிதாகக் கருத்துக்கணிப்பு எதுவும் நடத்தாமல் அவர்களுக்கே எழுதி, முதல் சோதனைப் பதிப்பை அவர்களிடமே கொடுத்தோம்.