தோடி காந்தாரமும் ஒரு சீபோர்டும்

சீபோர்ட் என்ற மெத்தென்ற கீபோர்டின் சிலிக்கோன் கட்டையில் விரலை அழுத்தி மெல்ல அசைத்தான் தம்பி. திருகோணமலை உவர்மலை வீட்டு ஸ்பீக்கரில் தோடி ராகத்தின் காந்தாரம் அப்படியே ஆடியது!

சாதாரண கீபோர்டில் சுரத்தை வளைக்க ஓரத்தில் ஒரு சக்கரம்தான். திருப்பினால் ஒலிக்கிற எல்லாச் சுரமும் சேர்ந்து வளையும்.

சீபோர்டில் ஒவ்வொரு சுரத்துக்கும் தனி மிடி சானல் (மிடி என்பது மின்னிசைக் கருவிகள் பேசிக்கொள்ளும் மொழி). எம்பிஇ என்ற இந்த முறை 2018இல் பொது நியமமானது. இடது கை ஷட்ஜம் அசையாமல் நிற்க, வலது கையில் ஒரு விரல் மட்டும் வழுக்கலாம்.

ஒலியை உருவாக்கும் சின்தசைசரிலும் பிட்ச் பெண்ட் அளவு, அதாவது சுரம் வளையும் எல்லை, சீபோர்டில் உள்ள அதே அளவாக இருக்கவேண்டும், வழக்கமாக 48 அரைச்சுரம். இல்லையென்றால் கமகம் என்கிற சுர அசைவு அபசுரம்தான்.

கோணேசர் கோயில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இதை வாசிக்கவேண்டும். சனிக்கிழமை சங்கீத ரீச்சரையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறான்.