வேளச்சேரியில் வீடு பார்ப்பதற்கு முன்

தென்சென்னையில் உள்ள வேளச்சேரிக்குக் குடிபெயரலாமா என்ற பேச்சு எங்கள் வீட்டில் எழுந்திருக்கிறது. போக்குவரத்தில் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. 2007 முதல் பறக்கும் ரயில் அங்கு வருகிறது, கிண்டியும் தரமணியும் பக்கம், பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் அலைய வேண்டியதில்லை. என்னைத் தயங்க வைப்பது மழைநீர்தான்.

தென்சென்னையின் பல ஏரிகளிலிருந்து வழியும் நீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் அருகே கடலில் கலக்க வேண்டும். 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற அந்தச் சதுப்புநிலத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே குப்பைக்கிடங்காகவும் சாலைகளாகவும் கட்டடங்களாகவும் மாறிவிட்டதால், தங்க இடமில்லாத நீர் அருகிலுள்ள வேளச்சேரியின் தெருக்களில் நிற்கிறது. 2015 டிசம்பரிலும், 2023-இல் மிக்ஜாம் புயலின்போதும் நாம் பார்த்தது இதைத்தான்.

ஆனால் வேளச்சேரி முழுவதையும் ஒரே கணக்கில் சேர்ப்பதும் நியாயமில்லை. தெருவுக்குத் தெரு மேடுபள்ளம் மாறுகிறது. ஆகவே தரகர் பெருமையுடன் காட்டும் சமையலறை அலமாரிகளைவிட, வாசல் சாலைமட்டத்துக்கு மேலே இருக்கிறதா, மின்மீட்டர் பெட்டி எந்த உயரத்தில் உள்ளது, மதில்சுவரில் நீர்க்கறை தெரிகிறதா என்பவற்றையே முதலில் பார்க்கிறேன். (கீழ்த்தளத்துக்கு மட்டும் புதிதாக வண்ணம் பூசியிருந்தால் சந்தேகம் கூடுகிறது.) தண்ணீர் வடிய எத்தனை நாளாயிற்று என்பதை வீட்டு உரிமையாளரைவிடத் தெருமுனை மளிகைக்கடைக்காரர் ஒளிக்காமல் சொல்வார்.

கார்த்திகை மழையில் அந்தத் தெருவை நேரில் பார்க்கும்வரை முன்பணம் கொடுப்பதாக இல்லை.