மென்பொருளைப் பராமரிப்பவருக்கும் சம்பளம் வேண்டும்

2014 ஏப்ரலில், புத்தாண்டுக்கு ஊருக்குப் போக பஸ் டிக்கெட் எடுத்து வைத்திருந்த வாரத்தில், இணையத் தொடர்புகளை மறைகுறியாக்கிக் காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற திறந்தமூல (எவரும் இலவசமாகப் பயன்படுத்தித் திருத்தக்கூடிய) மென்பொருளில் ‘ஹார்ட்பிளீட்’ என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டது. கொழும்பில் அப்போது நான் வேலை செய்த நிறுவனத்தில் இரண்டு இரவுகள் கண்விழித்து, ஒவ்வொரு சேர்வராகத் திருத்தி, தளங்களின் அடையாளத்தை உறுதிசெய்யும் பழைய சான்றிதழ்களை இரத்துச் செய்து, புதிய மறைகுறியாக்கச் சாவிகளை உருவாக்கினோம். விடியற்காலையில் வெள்ளவத்தைக் கடையொன்றில் பிளேன்டீயுடன் அமர்ந்திருந்தபோதுதான், இணையத்தின் பெரும்பகுதியைக் காத்துவந்த அந்த மென்பொருளுக்கு ஆண்டொன்றுக்குக் கிடைத்த நன்கொடை சுமார் 2,000 டொலர் மட்டுமே என்பதையும், அதில் முழுநேரமாக உழைத்தவர் ஒரேயொருவர் என்பதையும் வாசித்தேன். அந்த வெட்கம் இன்னும் எனக்குள் இருக்கிறது.

அதன்பின், திறந்தமூல மென்பொருள்களை ஆதரிக்கும் லினக்ஸ் அறக்கட்டளை, இத்தகைய மென்பொருள்களுக்காகப் பெருநிறுவனங்களிடம் நிதி திரட்டியது. 2022இல் ஜேர்மனி இதற்கென அரச நிதியமொன்றையே தொடங்கியது. இருந்தும் 2024 மார்ச்சில், கோப்புகளின் அளவைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற திறந்தமூலக் கருவியைத் தனியாளாகப் பராமரித்துக் களைத்துப்போயிருந்தவரின் நம்பிக்கையை ஆண்டுக்கணக்கில் பொறுமையாகச் சம்பாதித்த ஒருவர், அதற்குள் பின்கதவு (இரகசியமாக உள்நுழையும் வழி) வைத்திருந்தது தெரியவந்தது. தொலைவிலிருந்து சேர்வருக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் உள்நுழைவு அந்தப் பின்கதவால் அரை விநாடி தாமதிப்பதை ஒரு பொறியியலாளர் கவனித்திராவிட்டால் அது பிடிபட்டிருக்காது.

2004 சுனாமிக்குப் பின் இலங்கைத் தன்னார்வலர்கள் நிவாரணப் பணிகளை ஒருங்கிணைக்க எழுதிய சஹானா என்ற திறந்தமூல மென்பொருள் பிற நாடுகளின் அனர்த்தங்களிலும் உதவியது. கொடுக்கத் தெரிந்த நமக்கு, பராமரிப்புக்குப் பணம் ஒதுக்கும் பழக்கம் மட்டும் ஏன் வரவில்லை? இப்போதைய அலுவலகத்தில் நாங்கள் சார்ந்திருக்கும் திறந்தமூல நிரல்களைப் பட்டியலிட்டு, அவற்றைப் பராமரிப்போருக்கு மாதாந்தத் தொகையொன்றை ஒதுக்குமாறு நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன்.