மண்ணுக்கும் சேர்த்து எடை

என் ஆய்வு வழிகாட்டியான சார் மறைந்த செய்தி வெளிநாட்டில் இருக்கும் என்னை எட்டியபோது நள்ளிரவு; அடுத்த வாரமே அவருடைய நினைவு மலர்க் குழுவிடமிருந்து கட்டுரை கேட்டு அழைப்பு வந்துவிட்டது. சார் குறிப்பெழுதும் பச்சை நோட்டைப் பற்றியும் சனிக்கிழமை ஒன்பதரை மணி ஆய்வுக் கூட்டத்தைப் பற்றியும் நம் வேதிப்பொறியியல் துறையில் படித்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை என்பதால், நேரே எங்கள் பாம்பன் கள முகாமுக்குப் போகிறேன்.

அந்த ஆண்டு ஆய்வுக் குழுவில் ஐந்து பேர் இருந்தோம். ஐவரும் கடலைத்தான் ஆராய்ந்தோம் என்றாலும் ஒருவருடைய கடல் மற்றவருடையதாக இல்லை. கடல்நீரைச் சவ்வு வழியே தள்ளி நன்னீராக்கும் எதிர்ச் சவ்வூடு பரவலில் மூழ்கிக் கிடந்த மூத்தவருக்குக் கடல் என்பது ஏறத்தாழ 27 பார் அழுத்தம். அதை எதிர்த்து நீரைத் தள்ளும் பம்பின் மின்செலவைக் குறைப்பதே அவருடைய கனவு. வாலிநோக்கம் உப்பளத்துக்குப் போய்வந்த அக்கா, உப்புநீரின் அடர்த்தியைக் காட்டும் போமே அளவில் 25 டிகிரியைத் தொட்டு உப்பு படிந்த பிறகு பாத்தியில் எஞ்சும் கசப்பு நீரையும் அதிலுள்ள மெக்னீசியத்தையும் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். குழாய்க்குள் சுழலும் நீரைச் சமன்பாடுகளில் கண்ட இன்னொருவரோ பாம்பன் பாலத்தை ரயில் கடந்தபோதும் தூங்கிக்கொண்டிருந்தார். கருவாட்டுக்குச் சூரிய உலர்த்தி செய்தவர் பக்கத்தில் மட்டும் யாரும் சாப்பிட உட்கார மாட்டோம்.

எனக்கு வாய்த்தது கஞ்சிப்பாசி என்ற கடற்பாசி. அதிலிருந்து எடுக்கும் அகர் என்ற கூழ்ப்பொருள் இளகலானது. காரக் கரைசலில் பாசியைச் சூடாக்கினால், கூழை இளக வைக்கும் சல்பேட்டுத் தொகுதிகள் கழன்று அது இறுகும், ஆனால் விளைச்சல், அதாவது கிடைக்கும் அகரின் அளவு, குறையும். எவ்வளவு காரம், எவ்வளவு வெப்பம், எவ்வளவு நேரம் என்பதே என் ஆய்வேடு. உச்சிப்புளிக்காரன் என்பதால் கடற்கரைக் களப்பணியும் என் தலையில் விழுந்தது.

முகாமிலும் சனிக்கிழமைக் கூட்டம் தப்பவில்லை. விளைச்சல் ஏன் இவ்வளவு குறைவு என்று சார் கேட்டார். காரத்தின் செறிவே காரணம் என்று வரைபடங்களை விரித்து இருபது நிமிடம் பேசினேன். எங்களுக்குப் பாசி கொடுத்துவிட்டுப் பணத்துக்காக வாசலில் காத்திருந்த அம்மாவிடம் சார் திரும்பி, “நீங்க என்னம்மா சொல்றீங்க?” என்றார். அவர் எழுந்து வந்து, காய்ந்த பாசியில் ஒரு பிடி அள்ளி, என் வரைபடத்தின் மேலேயே வைத்துத் தேய்த்தார். மணலும் உப்பும் சிப்பித் துணுக்குகளும் பொலபொலவென்று உதிர்ந்தன.

“மண்ணுக்கும் சேத்துல்ல எடை போட்டிருக்கீக, தம்பி. எங்ககிட்ட வாங்குற யாவாரி இதைத்தான் மொதல்ல கழிப்பாக.”

எல்லோரும் சிரித்தார்கள்; சமன்பாட்டுக்காரர்கூட விழித்திருந்து சிரித்தார். சார் சிரிக்கவில்லை. நான்கு மாதக் கணக்கையும் அலசி உலர்த்திய எடைக்கு மாற்றச் சொன்னார். பிறகு பச்சை நோட்டில் எழுதியபடியே, “ஆய்வேட்டின் நன்றியுரையில் இந்த அம்மா பேர் வரணும்” என்றார்.

வரவில்லை. விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக் கடலில் மூழ்கிப் பாசி பறிப்பவர் அவர். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிறகு, பறிக்கப் போவதற்கே அஞ்ச வேண்டியிருந்தது. இவ்வளவையும் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட நான் பெயரை மட்டும் கேட்காமல் விட்டிருந்தேன். ஆய்வேடு தட்டச்சுக்குப் போன வாரம் விசா வந்துவிட்டது. எங்கள் வீட்டிலிருந்து பாம்பனுக்கு ஒரே பஸ்தான். போகவில்லை. உணவு விடுதிச் சமையற்காரர் பெயர்வரை எழுதிவிட்டு, “பாசி சேகரித்துத் தந்த பெண்களுக்கு” என்று ஒரு வரியில் முடித்தேன். அந்த வரியில் விரலை வைத்துச் சற்று நிறுத்திய சார், ஒன்றும் சொல்லாமல் கையெழுத்திட்டார்.

இங்கே உணவுப்பொருள் ஆலையில் வேலை பார்க்கிறேன். பாசி மூட்டையைப் பிரித்ததும் ஒரு பிடி அள்ளித் தாளில் தேய்த்துப் பார்க்கும் பழக்கம் போகவில்லை. சென்ற ஆண்டு அதையும் ஆலையின் செய்முறைக் குறிப்பில் சேர்த்தார்கள். யாருடைய முறை என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் சாரின் பெயரை எழுதினேன்.